காலுறையோடு வாசித்த கச்சேரி

அம்மா அரக்கோணத்தில் வாங்கித் தந்த கறுப்பு ஷூ அது. குதிகாலுக்குக் கீழே கட்டை போலக் கெட்டியான அடிப்பாகம். நடந்தால் தெருவுக்கே கேட்கும். வயலின் படிக்க ஆஸ்திரியாவுக்குப் போன என்னை, அங்கே நான் தங்கிய சின்ன ஊர் முதலில் தெரிந்துகொண்டது முகத்தால் அல்ல, அந்த டக் டக் சத்தத்தால்தான்.

ஒரு வருடப் படிப்பு என்று சொல்லித்தான் திருத்தணியிலிருந்து கிளம்பினேன். அம்மா ஒரு வருடத்தை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். எனக்கோ வேடிக்கை பார்த்து மாளவில்லை. ஞாயிறு வந்தால் மணிக்கூண்டு, பாலம், கோட்டை என்று சுற்றுவேன். சாயங்காலம் கச்சேரிக்குப் போய், நின்றுகொண்டு கேட்கிறவர்களுக்கான இடத்தில் நிற்பேன். முதல் கச்சேரியில் ஒரு பகுதி முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை, மொத்தக் கூட்டமும் சேர்ந்து இருமியது! அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த இருமலாம். அடடா, இது என்ன ஒழுங்கு என்று, அடுத்த இடைவெளியில் இல்லாத இருமலை நானும் இருமிப் பார்த்தேன்.

இருமலை அடக்கலாம். என் காலை அடக்க முடியவில்லை. ஊரில் தரையில் உட்கார்ந்து கர்நாடக சங்கீதம் படித்தவள் நான். கால் தாளம் போட்டால்தான் எனக்கு வில் நகரும். இங்கே நின்று வாசிக்க வேண்டும். ஷூ தரையில் அடிக்கும். "வயலின் வாசிக்கிறாயா, ஆணி அடிக்கிறாயா?" என்பார் பேராசிரியர். காலை இறுக்கிப் பிடித்தால் வாசிப்பு செத்துப்போகும். எனக்கோ இன்னொரு ஆண்டும் இருந்து படிக்க ஆசை. ஆண்டு இறுதிக் கச்சேரியிலும் கால் சத்தம் கேட்டால் இரண்டாம் ஆண்டு கிடையாது, ஊருக்குப் போகலாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

கச்சேரி ஒரு பழைய தேவாலயத்தில். அன்று காலை அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"சர்ச்லயா? ஆங், சாமி இருக்கிற எடம். செருப்ப வெளிய வுட்டுட்டுப் போடி. போட்டுக்கினு உள்ள போயிடாத."

திருத்தணி மலைக்கோயிலுக்கு ஏறும்போதெல்லாம் அடிவாரத்திலேயே கழற்றிப் பழகிய கால்தானே. வாசலில் ஷூவைச் சுவரோரம் ஜோடியாக வைத்துவிட்டு, கம்பளிக் காலுறையோடு உள்ளே போனேன். பார்த்தால் அத்தனை பேர் காலிலும் ஷூ! ஐயோ என்று வாசலுக்கு ஓடினேன். ஷூவைக் காணோம். தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள், யாரோ மறந்துவிட்டுப் போனது என்று எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கல்தரை ஐஸாக இருந்தது. நல்லவேளை, கட்டியிருந்த அம்மையார்குப்பத்துக் கைத்தறிப் புடவை பாதத்தை மறைத்தது. வாசிக்கத் தொடங்கியதும் கால் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. போச்சு என்று நினைத்தேன். ஆனால் சத்தமே வரவில்லை. கம்பளி அடிக்கிறது, கல் வாயைத் திறக்கவில்லை! அதன்பிறகு எனக்குப் பயமே இல்லை. ஒரு வருடமாக வராத வாசிப்பு அன்று வந்தது.

பேராசிரியர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "கடைசியில் காலை அடக்கக் கற்றுக்கொண்டாய். அடுத்த ஆண்டும் இரு." நான் மிக அடக்கமாகத் தலையாட்டினேன்.

அறைக்குத் திரும்பியதும் அம்மாவிடம் போனில் ஒன்று விடாமல் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து ஓய்ந்தபின், "அப்ப நீ இப்ப வர்ல?" என்றாள்.

"இல்லம்மா."

"அடிப்பாவி! தெரிஞ்சிருந்தா செருப்பு போட்டுக்கினே போடின்னு சொல்லியிருப்பேனே."

மறுபடி சிரிக்கப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. எனக்கும் அழுகை வந்தது.

அந்த ஓராண்டு நீண்டு, இன்னமும் இதே ஊரில்தான் இருக்கிறேன். ஒவ்வொரு கச்சேரிக்கு முன்பும் அம்மாவுடன் பேசிவிடுவேன். சாப்பிட்டாயா, ஸ்வெட்டர் போட்டாயா என்று எல்லாம் கேட்பாள். செருப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.