சூடுதாங்கும் பூச்சு யாருக்குச் சொந்தம்?

கிளிநொச்சியில் காப்புரிமை வழக்குப் பார்க்கும் சட்டத்தரணிக்கு, காணிப் பிணக்கோடு வருபவர்களை "அதுக்கு நானில்லை" என்று திருப்பி அனுப்புவதே பாதி வேலை. இதே பாடு படும் நண்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வந்த கடிதம்

உருத்திரபுரத்தில் இரும்புப் பட்டறை வைத்திருக்கும் யோகராணி அக்கா ஒருநாள் கொழும்பு நிறுவனமொன்றின் கடிதத்தோடு வந்தார். நெல் அவிக்கும் உமி அடுப்புகள் செய்பவர் அவர். வெறும் இரும்பென்றால் ஒரு போகத்திலேயே எரிந்து ஓட்டை விழும். அதனால் வெண்களி, உமிச்சாம்பல், இன்னும் ஒன்றிரண்டு சேர்த்துக் குழைத்து உள்ளே பூசுவார். சூட்டில் அது பீங்கான் மாதிரி இறுகி இரும்பைக் காக்கும். அந்தப் பூச்சுக்குக் காப்புரிமை தங்களுடையது, உடனே நிறுத்த வேண்டும் என்றது கடிதம். பட்டறையில் வேலை செய்த மூன்று பெண்களும் வீட்டில் இருந்துவிட்டார்கள். அறுவடையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

காப்புரிமை என்றால் என்னவென்று நான் விளங்கப்படுத்தி முடிய, அக்கா கேட்டார்: "அப்ப என்ர அடுப்புக்குப் பூச நான் ஆரிட்டையோ கேக்கோணுமோ பிள்ளை?"

வந்த பொறியியலாளர்

இரண்டும் ஒரே பூச்சா என்று சோதிக்க நிறுவனத்தின் பொறியியலாளர் பட்டறைக்கே வந்தார். அக்காவின் பூச்சில் காஸ் சுவாலையைப் பிடித்தார். உடனே தண்ணீர் ஊற்றினார். ஒரு கீறலும் இல்லை. தங்கள் பூச்சுத் துண்டில் அதையே செய்தபோது விளிம்பு உரிந்து வந்தது. மனிதர் வழக்கையே மறந்து அக்காவின் பக்கத்தில் குந்தியிருந்து, "இதுக்குள்ள என்னென்ன சேர்க்கிறியள்?" என்றார். சொல்லிவிட வேண்டாமென்று நான் அக்காவுக்குக் கண்ணைக் காட்டினேன். அக்கா தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு சொன்னார்: "சொல்லலாம் தம்பி. முதல் இந்தப் பிள்ளைக்கு ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கோ."

சங்க மலர்

அவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே இந்தக் கலவை வெளியில் தெரிந்திருந்தது என்று எழுத்தில் காட்டினால் காப்புரிமை நிற்காது. "ஊருக்கே தெரியும்" என்று எல்லோரும் சொன்னார்கள். ஒருவரிடமும் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. இரண்டு கிழமை அலைந்தோம். கடைசியில் மாதர் சங்கச் செயலாளர் மேரி தன் அலுமாரியிலிருந்து பழைய ஆண்டு மலரொன்றை எடுத்துவந்தார். நிறுவனம் விண்ணப்பிக்க மூன்று வருடத்துக்கு முந்தியது. "உமி அடுப்புப் பூச்சு" என்று யோகராணி அக்காவே அதில் எழுதியிருந்தார்: அரிசி அளக்கும் சுண்டுக் கணக்கில், சமையல் குறிப்புப் பக்கத்தில், முறுக்குக்குக் கீழே. எழுதியதே அவருக்கு மறந்துபோயிருந்தது. மூவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தோம்.

மலரோடு கொழும்புக்குப் போனேன். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி தமிழ் தெரிந்தவர். இரண்டுதரம் வாசித்தார். சில நாளில் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதித் தந்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரி. ஆனா முறுக்குக்கும் இதுக்கும் நடுவில ஒரு கோடாவது போட்டிருக்கலாம்."

வென்ற பிறகு

மூன்று பெண்களும் பட்டறைக்குத் திரும்பினார்கள். நான் மட்டும் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது: மலரில் அச்சாகிவிட்டதால் அக்காவும் இனிக் காப்புரிமை எடுக்க முடியாது. "குறை நினைக்காதேங்கோ அக்கா" என்றேன். அவர் கையிலிருந்த களியைக்கூடத் துடைக்காமல் சிரித்தார்: "ஒருத்தருக்கும் சொந்தமில்லாட்டி நல்லதுதானே பிள்ளை. பூச எனக்குத் தெரியும்."

வென்று கொடுத்த சட்டத்தரணி மன்னிப்புக் கேட்க, வென்ற கட்சிக்காரர் ஆறுதல் சொல்வது எங்கள் தொழிலில்தான் நடக்கும்.