நீலம் போன கத்தி

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் வேலை பார்த்தேன். ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு மயிரை எடுக்கும் வேலை. எனக்கு யாரோடும் பேச வராது. அங்கே என்னிடம் வலிய வந்து பேசியவர் ஒரே ஒருவர், தோல் கட்டுகளைப் பிரித்துத் தரம் பார்க்கும் பாய். என் வயதுதான். நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார்.

மச்சானிடம் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. பினாங்கில் கடை வேலை செய்த அவர் தம்பி அனுப்பியது. அந்தத் தம்பி கடைசியாக ஊருக்கு வந்துபோய் ஆறு வருடம் ஆகியிருந்தது. பிடி அலுமினியம், மயில் கழுத்து நீலம். மேலே பூசிய பெயின்ட் இல்லை, அலுமினியத்திலேயே ஏற்றிய சாயம் என்று தம்பி கடுதாசியில் எழுதியிருந்தாராம். பொய்யில்லை. சாவிக்கொத்தோடு ஒரே பையில் கிடந்தது, கல்தரையில் விழுந்தது, வியர்வையில் ஊறியது. நகத்தால் சுரண்டினாலும் நீலம் பெயராது.

வத்தலக்குண்டில் ஒரு கல்யாணம். கட்டு அவிழ்க்கும் வேலையை என்னைப் பார்க்கச் சொல்லி, கத்தியையும் கொடுத்துவிட்டு மச்சான் நான்கு நாள் போய்விட்டார். தொட்டியிலிருந்து ஈரக் கையோடு ஓடிப்போய்க் கயிற்றை அறுப்பேன், திரும்பத் தொட்டிக்கு வருவேன். மூன்றாம் நாள் பார்த்தால், விரல் பட்ட இடமெல்லாம் பிடி வெளுத்திருந்தது. சுண்ணாம்புக் கறை என்று நினைத்து, வீட்டில் சலவை சோடாவைக் குழைத்து அப்பித் தேங்காய் நாரால் தேய்த்தேன். கழுவினால் பிடி முழுக்க வெள்ளை. சுண்ணாம்பும் சோடாவும் அந்தச் சாயத்தையே தின்றுவிடும் என்று பிறகுதான் தெரிந்தது.

அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவாரோ என்பதுதான் என் பயம். திரும்பி வந்த அன்று, "கத்திய ஆணியில தொங்குற ஒங்க பையில போட்டுட்டேன் மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

மத்தியானம் அவர் சத்தம் போட்டார்.

"ஏலே, எவன்டா ஏங் கத்திய எடுத்துக்கிட்டு இந்த வெள்ளைக் கத்தியப் போட்டது?"

"புதுசா வந்தவன்தேன் பைப் பக்கம் நின்னான்" என்றார் ஒருவர். "மடிய அவுத்துக் காட்டச் சொல்லுங்க."

மூட்டை தூக்க வந்த அந்த மனிதர் முகம் கறுத்து, மடியில் கை வைத்தார். எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ.

"நாந்தேன் மச்சான். அது ஒங்க கத்திதேன். நான் சோடாப் போட்டுத் தேய்ச்சுக் கெடுத்துட்டேன்."

மச்சான் கத்தியை விரித்தார். அலகு மடங்கும் பள்ளத்துக்குள், சோடா எட்டாத இடத்தில், நீலம் அப்படியே இருந்தது. அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு மூட்டைக்காரர் தோளில் கை வைத்து, "மனசுல வச்சுக்காதீக அப்பு" என்றார். என் பக்கம் திரும்பினார்.

"கல்யாணத்துக்குப் போனது நானு. குளிச்சு வெள்ளை உடுத்துனது ஏங் கத்தியா மாப்ளே?"

எல்லாரும் சிரித்தார்கள். மூட்டைக்காரரும் சிரித்தார். மறுநாளும் மச்சான் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்கு நான் இன்றுவரை நன்றி சொன்னதில்லை.

மச்சானுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த வாரம் தம்பிக்கு என்னைக் கடுதாசி எழுதச் சொன்னார். "நீ சொன்னது நெசந்தேன், சாயம் எதுக்கும் அசையல, சுண்ணாம்புக்கும் சோடாவுக்கும் மட்டும் ஆகாதுன்னு எழுது. ஆரு கெடுத்தாகன்னு எழுத வேணாம்."

எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு. மெதுவாகத்தான் எழுத வரும். யார் கெடுத்தது என்பதையும் சேர்த்தே எழுதி, அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"ஒனக்கு இம்புட்டுப் பேச்சு எங்க இருந்து வந்துச்சு மாப்ளே?" என்றார். கடுதாசியை அப்படியே மடித்துப் போட்டு, உறையை அவரே ஒட்டினார்.