ஸ்டெல்லா அக்கா வரைந்த வழி

நேற்று என் மகள் பள்ளி ப்ராஜெக்ட்டுக்காக, யாரோ வரைந்த மயிலை நெட்டிலிருந்து எடுத்து, ஓரத்தில் இருந்த பெயரைக் கத்தரித்துவிட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். கேட்டால், "எல்லாரும் இப்படித்தாம்பா பண்றாங்க" என்கிறாள். திட்ட வாயெடுத்தவன், பசை வாசனை மூக்கில் ஏறியதும் அடங்கிவிட்டேன். ஏன் என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், பிள்ளைகளே.

ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு, மேற்குத் தாம்பரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பசையும் மையும் கலந்த இதே வாசனைதான் அங்கே. அப்போதெல்லாம் பத்திரிகையின் பின்பக்கம், மண்டபத்துக்கு வழி காட்டும் படம் இருக்கும். எதிர்க்கடை ஸ்டெல்லா அக்கா போடும் படத்துக்குத் தனி மவுசு. சைக்கிளில் மண்டபம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் வரைவார். பஞ்சர் கடை, டிரான்ஸ்பார்மர், சாய்ந்த தென்னை மரம்கூட அதில் இருக்கும். நானோ நாற்காலியை விட்டு எழுந்திருக்காத ஆள்.

பீர்க்கன்கரணை மண்டபம் ஒன்றில் ஒரு கல்யாணம். அதே மண்டபத்துக்கு அக்கா போட்ட பழைய பத்திரிகை கையில் கிடைத்தது. ஸ்கேன் செய்தேன். கீழே இருந்த அவர் பெயரை அழித்து எங்கள் கடைப் பெயரைப் போட்டேன். "சூப்பரா கீதுப்பா" என்றார் முதலாளி. நானே வரைந்ததுபோலத் தலையாட்டினேன். நாலு கோடுதானே, கோட்டுக்கு ஏது சொந்தக்காரர்!

கல்யாணம் ஐப்பசி மழையில் நடந்தது. மறுநாள் மாப்பிள்ளையின் மாமா சேற்றுச் செருப்போடு கடைக்கு வந்துவிட்டார்.

"யாருய்யா இந்த மேப்பு போட்டது? ஒரு வேன் ஜனம் ஏரிக்கரை சேத்துல மாட்டிக்கினு, தாலி கட்டுறதையே பாக்கல!"

முதலாளி என்னைப் பார்த்தார். வேலை போய்விடும் என்று தெரிந்தது. அதுவரை என்னுடையதாக இருந்த படம் அந்த நிமிஷமே அக்காவுடையதாகிவிட்டது.

"அது... எதிர்க்கடை அக்கா போட்டது சார்."

சத்தம் கேட்டு அக்காவே வந்துவிட்டார். படத்தை வாங்கிப் பார்த்தார்.

"தென்ன மரம் என்னுதுதான். கோடையில நேர் ரோட்டத் தோண்டிப் போட்டிருந்தாங்க சார், அதான் அப்ப ஏரியச் சுத்தி விட்டேன். இப்பத்தான் ரோடு நல்லா இருக்கே?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, நல்லா இருந்தப்ப ஒங்க பேரு, சேறு ஒட்டினதும் எம் பேரா?"

கோபமாக வந்த மாமாவே சிரித்துவிட்டார். நான் மட்டும் தரையைப் பார்த்தேன். "திருடிட்டேங்க்கா. தப்புதான்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. ரோடு மாறினதையும் சேத்துச் சொல்லியிருப்பேன்."

வேலை தப்பியது. ஆனால் இனி நானே போய்ப் பார்த்துவிட்டு வரைய வேண்டும் என்று சொல்லி, முதலாளி தன் சைக்கிளைக் கொடுத்தார். பொழிச்சலூர் மண்டபத்துக்குத்தான் முதலில் போனேன். கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தேன், தெருமுனையில் கட்டியிருந்த எருமை உட்பட. கல்யாணத்தன்று அது மேயப் போய்விட்டது. "எருமையெல்லாமாடா அடையாளம்!" என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இப்போது பத்திரிகைகள் போனில் வருகின்றன. அவற்றுக்குப் பின்பக்கமே கிடையாது. அக்கா கடையும் இல்லை, எங்கள் கடையும் இல்லை. எருமை நின்ற இடத்தில் நாலு மாடி வீடு நிற்கிறது. நான் வரைந்த அந்தப் படம் தப்புதான். ஆனால் அதன் கீழே என் பெயரைத் தைரியமாகப் போட்டிருந்தேன்.