கோணலாகத் தெரிந்த ஜன்னல் கம்பி

கண்புரை ஆபரேஷன் முடிந்த மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். என் அண்ணன் முதலில் சொன்னது இதுதான்: "செவுரு இம்புட்டு வெள்ளையாவா இருக்கு?"

மதினி அழுதேவிட்டார். அண்ணன் அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ரோடெல்லாம் புகைமூட்டமாகத் தெரிய ஆரம்பித்ததிலிருந்து வண்டி வாசலிலேயே நிற்கிறது.

அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பினார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, கம்பி வளைஞ்சு தெரியுது. லென்ஸைக் கோணலா வச்சுட்டாங்கபோல."

நான் போய்க் கம்பியைத் தடவிப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. அப்படியானால்... லென்ஸா?

டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார் – புரை ஒன்று, சர்க்கரையால் விழித்திரையில் வந்த வீக்கம் இன்னொன்று. ஆபரேஷனோடு சேர்த்தே கண்ணுக்குள் ஊசி மருந்தும் போட்டுவிடுவோம் என்று. மூன்று பேரும் தலையாட்டினோம். எதற்கு ஆட்டினோம் என்று வெளியே வந்து ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். நீங்கள் இப்படி ஆட்டியதே இல்லையா?

பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரை எடுத்த மறுநாளே எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. இவருக்கு மட்டும் ஏன் இப்படி?

அடுத்த மாதம் மறுபடி ஊசி போட ஆஸ்பத்திரியில் வரச்சொன்னதும் அண்ணன் மறுத்துவிட்டார். ஆபரேஷன் தப்பாகிவிட்டது, அதை மறைக்கத்தான் ஊசி என்பது அவர் கட்சி. எனக்கும் பாதி அப்படித்தான் தோன்றியது. மதினிதான் அசையவில்லை. "சண்டை போடுறதா இருந்தாலும் அங்க போயிப் போடுங்க."

போனோம். டாக்டரம்மா கோபப்படவில்லை.

"ஆட்டோவுக்கு முன்கண்ணாடியை மாத்திட்டோம்யா. ரோட்டுல, அதான் விழித்திரையில, இன்னும் தண்ணி நிக்குது. அதனாலதான் கம்பி வளைஞ்சு தெரியுது. ஒரு ஊசியில வடியாது. சுகரைக் குறைக்கலைன்னா திரும்பத் தேங்கும்."

அண்ணன் யோசித்தார். "அப்ப லென்ஸு நேராத்தான் இருக்கா?"

"நேராத்தான் இருக்கு."

ஊசி போட்டுக்கொண்டார். அடுத்தடுத்த மாதங்களிலும். கம்பி மெல்ல நிமிர்ந்தது. முழுசாக இல்லை, நடுவில் லேசாக ஒரு நெளிவு பாக்கி. அடுத்த கண்ணையும் சரிசெய்யும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று உத்தரவு. அண்ணன் சரி என்றார். அவர் சரி என்றதுதான் எனக்கு ஆச்சரியம்.

போன வாரம் செக்கப். எழுதிக்கொண்டே டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். உங்களுக்கும் சுகர் உண்டா என்றார். உண்டு என்றேன். கண்ணை எப்போது காட்டினீர்கள் என்றார்.

எனக்குத்தான் எல்லாம் நன்றாகத் தெரிகிறதே... பிறகு எதற்கு?

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார். "உக்காரு" என்றார்.