இரண்டு அம்புக்குறி இடைவெளி

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் ஓரிடத்தில் வெள்ளை அம்புக்குறிகளை வரிசையாக வரைந்திருந்தார்கள். முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் நடுவே இரண்டு அம்புக்குறி தெரிய வேண்டும் என்று பக்கத்திலேயே பலகை. சாரல் காலத்து ஞாயிற்றுக்கிழமை. அத்தனை வண்டிகளில், படித்தவன் என்ற திமிரில் நான் ஒருவன்தான் அதற்குக் கட்டுப்பட்டேன். இடைவெளி விட்டதும் ஓர் ஆட்டோ நுழைந்தது. மறுபடி விட்டேன், ஒரு வேன் நுழைந்தது.

"இன்னும் யார் யாருக்கு எடம் போட்டுக் குடுக்கப் போறிய? சீசன் முடிஞ்சுதான் ஐந்தருவியப் பாப்போம் போல" என்றாள் மனைவி.

எனக்கும் அலுத்துவிட்டது. அடுத்து நுழைந்த லோடு ஆட்டோவை ஒட்டியே போனேன். அதன் பின்பக்கம், தலை நிறைய எண்ணெயோடு ஒரு பெண் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். குரங்கு ஒன்று குறுக்கே ஓட, லோடு ஆட்டோ சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். ஈரச் சாலையில் வழுக்கிய கார், அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி, என் மடியிலயே வந்து உக்காரலாம்னு பாத்தியளா?" என்று சிரித்தாள். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

வண்டிகள் நகர்ந்தன. அம்புக்குறிகள் முடிந்த பிறகும் நான் தள்ளியே போனேன். அவளோ, சிரித்த முகம் மாறாமலே, இரண்டு கால்களையும் மேலே இழுத்து மடக்கிக்கொண்டாள். ஐந்தருவி வரைக்கும் கீழே விடவே இல்லை.

என்னைக் கண்டு எறும்புகூடப் பயப்படாது என்பது என் மனைவி வழக்கமாகச் சொல்லும் கேலி. அன்று அவளும் அந்த மடக்கிய கால்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.