பத்தொன்பது பேரில் ஒரு சொத்தைப் பல்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று முதன்முதலில் சொன்னது யார் என்று தெரியவில்லை. அது சோறாக இருந்திருக்க முடியாது என்பது மட்டும் செட்டக்காவுக்கு நிச்சயம். விரலிடுக்கில் நசுங்குகிறவர்கள் பழமொழி சொல்வதில்லை.

அந்த வாரம் நசுங்கப்போவது அவள்.

செட்டக்கா என்பது பல் ஆஸ்பத்திரியில் வைத்த பெயர். முன்னறையில் டாக்டர் பல்லைப் பிடுங்குவார். பின்னறையில் இவள் பல் செட் கட்டுவாள். இருபத்திரண்டு வருடமாக மெழுகும் பிளாஸ்டர் அச்சும்தான் உலகம். பேச்சு குறைவு. யார் பேசினாலும் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். தங்கள் பேச்சைத்தான் இவ்வளவு கவனமாகக் கேட்கிறாள் என்று அவர்கள் மகிழ்ந்துபோவார்கள்.

அவள் ‘தேவை முதலில்’ இயக்கத்தில் சேர்ந்து ஆறு வருடம். ஊர் ஊராகக் கிளை உள்ள இயக்கம். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். ஆனால் மனம் இளகுகிற இடத்துக்கு அல்ல, அதிக உயிர் பிழைக்கிற இடத்துக்கு. அது எது என்று இயக்கமே ஆராய்ந்து சொல்லும். பெரும்பாலும் மலேரியாவைத் தடுக்கும் கொசுவலை. கிளைக் கூட்டம் நடக்கும் டியூஷன் அறையின் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் இருந்தது: ‘கண்ணீர் வந்தால் ஒரு வாரம் பொறு.’ அதை எழுதிக்கொடுத்தவள் செட்டக்காதான். ஆறு வருடத்தில் கூட்டத்தில் அவள் சொன்ன ஒரே வாக்கியமும் அதுதான். அதற்குக் கைதட்டல் வேறு.

மூன்று வருடத்துக்கு முன் செட் கட்ட வந்த ஒருவர், வாயில் அச்சுடன் பேச முடியாமல் இருந்துவிட்டு, அச்சை எடுத்ததும் கடகடவென்று பேசினார். செங்கல் சூளையில் ஓய்ந்துபோன கழுதைகளை அவர் வளர்க்கிறாராம். அதில் ஒன்றுக்குப் பல் தேய்ந்து, மெல்ல முடியாமல் புல்லை உருண்டை உருண்டையாகத் துப்புகிறதாம். தொழில் ஆர்வத்தில் பார்த்துவிட்டு வரலாம் என்று ஞாயிற்றுக்கிழமை போனாள். கழுதை வாயைத் திறந்து காட்டியது. இவளுக்குக் கண்ணீர் வந்தது.

தன் விதிப்படி ஒரு வாரம் பொறுத்தாள். எட்டாம் நாளும் கண்ணீர் வந்தது. ஆகவே விதிமீறல் இல்லை என்று தீர்ப்பு எழுதிக்கொண்டாள். குற்றவாளியும் நீதிபதியும் ஒருவரே என்பதால் வழக்கு சீக்கிரம் முடிந்தது. அன்றிலிருந்து அவள் பங்கில் பாதி கொசுவலைக்கு, பாதி கழுதைக்கு ஊறவைத்த தீவனத்துக்கு. வருடக் கடைசியில் நிரப்பும் தாளில் ‘முதியோர் வாய்நலம்’ என்று எழுதினாள். கழுதைக்கு வயது முப்பது. பொய் இல்லையே.

இப்போது வாரப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள்.

“தலைவர்கள் பேச்செல்லாம் வேண்டாம் சார். ஒரே ஒரு உறுப்பினரைக் காட்டுங்க. அவங்க எங்கே கொடுக்கறாங்கன்னு பார்த்தா உங்க இயக்கம் என்னன்னு தெரிஞ்சுடும். ஒரு சோறு போதும்” என்றாள்.

கிளைச் செயலாளரான கணக்கு வாத்தியார் யோசிக்கவே இல்லை. சுவரில் இருந்த வாசகத்தைக் காட்டினார். “இதை எழுதினவங்களையே பாருங்க.”

மறுநாள் மாலை செட்டக்கா வாத்தியாரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எத்தனை கழுதை?”

“பதினொண்ணு சார். பல்லு போனது ஒண்ணுதான்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார்: “நாப்பது பேரா இருந்தோம். இப்போ பத்தொன்பது. இந்தக் கட்டுரையும் கவுத்துட்டா அடுத்த வருஷம் நானும் இந்தச் சுவரும்தான். அந்தப் பொண்ணு கேட்டா கொசுவலைன்னு மட்டும் சொல்லிடுங்கம்மா. பாதி உண்மைதானே?”

சொல்லும்போது அவர் காது சிவந்துவிட்டது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். அவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது தன் கழுதைதான் என்று நினைத்தபோது செட்டக்காவுக்கு மண்ணுக்குள் புதையலாம் போல இருந்தது.

வீட்டில் அவள் கணவர், பஸ் ஓட்டுநர், விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“கழுதை கெட்டா குட்டிச்சுவருன்னு சொல்வாங்க. உங்க சங்கத்துக்குக் கழுதையும் நீதான், குட்டிச்சுவரும் நீதான்!”

“சிரிக்காதீங்க. நாளைக்கு என்ன சொல்றதுன்னு சொல்லுங்க.”

“நான் ஒருத்தன் சிக்னல்ல நிக்காம போனா என்ன சொல்வாங்க? பஸ்காரனுங்களே இப்படித்தான்னு சொல்வாங்க. தினம் நின்னு போறேனே, அதுக்கு ஒருத்தன் எழுதியிருக்கானா?” என்றவர், சிரிப்பை நிறுத்தி, “ஆனா நிக்கலைன்னா நிக்கலைன்னுதான் சொல்லணும்” என்றார்.

பத்திரிகைப் பெண் பின்னறைக்கு வந்தபோது செட்டக்கா மெழுகில் பல் பதித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கையில், முதல் நாளே கிளையில் வாங்கிப்போன வருடத் தாள்.

“முதியோர் வாய்நலம்னு போட்டிருக்கீங்களே, எந்த முதியோர் இல்லம் மேடம்?”

கொசுவலை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வெளியே வந்தது வேறு.

“கழுதை.”

“என்னையா சொல்றீங்க?”

“ஐயோ, இல்லைம்மா! கழுதைக்கு. பல்லில்லாத கழுதைக்கு.”

முழுக்கதையும் கேட்டுவிட்டு அந்தப் பெண் பேனாவை மூடினாள். “அப்போ உங்க இயக்கம் சொல்றது ஒண்ணு, செய்யறது ஒண்ணு. அப்படித்தானே?”

செட்டக்கா கையிலிருந்த செட்டை விளக்கடியில் நீட்டினாள். “இதுல ஒரு பல்லு மட்டும் கொஞ்சம் மங்கலா இருக்கு பாருங்க. வேணும்னே வெச்சது. நிஜ வாயில எல்லாப் பல்லும் ஒரே நிறமா இருக்காது. ஒரே நிறமா வெச்சா பார்க்கறவங்க செட்டுன்னு கண்டுபிடிச்சுடுவாங்க.”

“அப்போ நீங்க அந்த மங்கல் பல்லா?”

“அவ்வளவு கௌரவமெல்லாம் இல்லைம்மா. நான் சொத்தைப் பல்லு.”

“ஒரு பல்லு சொத்தைன்னா வாயே சொத்தையா?”

“அதை டாக்டரைத்தான் கேக்கணும். நான் செட்டு கட்டறவ.” பிறகு, ஆறு வருடம் சேர்த்துவைத்திருந்த பேச்சையெல்லாம் ஒரே மூச்சில் செலவழிப்பவள்போலச் சொன்னாள்: “எங்க வாத்தியார் சட்டைக் காலர் ரெண்டு தடவை திருப்பித் தெச்சது. புதுச் சட்டை வாங்காம கொசுவலைக்குக் கொடுக்கறவர், ஒரு காசுகூடக் கழுதைக்குக் கொடுக்கலை. என்னைப் பார்த்து அவரை எழுதாதீங்க. அவரைப் பார்த்து என்னையும் எழுதாதீங்க. பத்தொன்பது தாளையும் வாங்கிப் பாருங்க.”

அந்தப் பெண் வாங்கிப் பார்த்தாள் போலிருக்கிறது. கட்டுரையில் வாத்தியாரின் காலர் இரண்டு வரி. பதினான்கு பேர் விதிப்படி கொடுக்கிறார்கள் என்று ஒரு வரி. மீதி ஐந்து பேரில் ஒருவர் பேரனின் கால்பந்துக் குழுவுக்குக் கொடுத்துவிட்டு ‘இளையோர் உடல்நலம்’ என்று எழுதியிருந்தாராம். செட்டக்காவுக்கு அவர்மேல் உடனே உடன்பிறந்த பாசம் வந்தது. மற்ற இடம் முழுவதையும் கழுதை எடுத்துக்கொண்டது. வாயைத் திறந்தபடி அரைப்பக்கப் படம்.

அடுத்த கூட்டத்துக்குப் புதிதாக நான்கு பேர் வந்திருந்தார்கள். வாத்தியார் முகத்தில் நீண்ட நாளைக்குப் பிறகு வெளிச்சம். கொசுவலையைப் பற்றி விளக்கத் தொண்டையைச் செருமினார். அதற்குள் முன்வரிசையில் இருந்த அம்மாள் பத்திரிகையை விரித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்:

“இந்தக் கழுதைக்கு எங்கேங்க கொடுக்கறது? படத்தைப் பார்த்ததுலேர்ந்து மனசே சரியில்லை.”

மற்ற மூவரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். வாத்தியார் மெதுவாகத் திரும்பிச் செட்டக்காவைப் பார்த்தார். மற்ற பதினேழு உறுப்பினர்களும் பார்த்தார்கள். கழுதைக்காரரின் விலாசம் அவள் கைப்பையில்தான் இருந்தது.

செட்டக்கா எழுந்து நின்றாள். காது சுட்டது.

“ஒரு வாரம் பொறுங்கம்மா” என்றாள்.