சாயப்பட்டறைக்காரன் பார்த்த கறை

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மனைவியின் உள்ளாடையை இரண்டு விரல் நுனியால் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "அதேதான், சந்தேகமே இல்லை" என்று தீர்ப்புச் சொன்ன மடையன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை. அவள் காட்டவும் இல்லை. அலசிப் போட எடுத்துப்போனதை நானாகத்தான் வாங்கிப் பார்த்தேன்.

எனக்கு அந்தத் தகுதி இருப்பதாக நினைத்துக்கொண்டதற்குக் காரணம் என் வேலை. சாயப்பட்டறையில் ஷேடு பார்க்கிறவன் நான். வெளிநாட்டுக்காரன் உள்ளங்கை அளவுக்கு ஒரு துணியை அனுப்பி இதே கலர் வேண்டும் என்பான். நாங்கள் சாயமேற்றிய துணி அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சரி சொல்வது நான்தான். மெரூனிலும் துருநிறத்திலும் ஊறிய கண். பீளமேட்டில் எங்கள் அடுக்குமாடியில் யார் பட்டுச்சேலை எடுத்தாலும் ரவிக்கைத் துணி பொருந்துகிறதா என்று பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். இப்படிப்பட்ட மேதாவி, சொந்த வீட்டில் ஒரு கறை வந்தால் சும்மா இருப்பானா?

கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்காக மறுநாள் கொடுமுடியில் பரிகாரம் என்று ஏற்பாடு. நானும் அவளும் காவிரியில் முழுகி, ஈரத்துணியோடு மரத்தடிப் பிள்ளையாருக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பெரியப்பா ஐயரிடம் நேரம் வாங்கிவிட்டார். அவர் குடும்பம் தாராபுரத்திலிருந்து நேராக அங்கே வந்துவிடும், நாங்கள் வாடகைக் காரில் போகவேண்டியது. அம்மா முந்தின நாளே ஊரிலிருந்து வந்து, பூஜைச் சாமான்களை ஹாலில் பரப்பி வைத்திருந்தார்.

அன்றைக்குக் காலையில்தான் மனைவி குளியலறை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, லேசாப் பட்டிருக்குதுங்க. ஆனா வழக்கமா வர்ற மாதிரி இல்லை."

"தேதி தாண்டிருச்சல்ல? அப்ப வந்துதான ஆகோணும்."

"வர்றதுன்னா எனக்கு மொதல்ல இடுப்பு கழண்டு போகுமுங்க. மத்தியானத்துக்குள்ள பேடு மாத்தி மாத்திச் சலிச்சுப் போயிரும். இது ரெண்டே பொட்டு. வலியும் இல்லை. டெஸ்ட் பண்ணிப் பாத்தறலாமுங்களா?"

அப்போதுதான் நான் ஜன்னலுக்குப் போனது. பழுப்பு, அதில் கொஞ்சம் ரோஸ். காய்ந்த ரத்தம் பழுப்பாகத்தான் இருக்கும், இது தேதி தள்ளி வந்த பழைய கணக்கு என்று விளக்கமும் கொடுத்தேன். எங்கள் பட்டறையில் ஈரத்துணியை வைத்துக் கலர் சொன்னால் அடிக்கப் போகிறவன் நான். டியூப்லைட்டில் ஒரு கலர், வெயிலில் ஒரு கலர் என்று தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவன். அந்த ஞானமெல்லாம் பட்டறை கேட்டோடு நின்றுவிட்டது.

டெஸ்ட் வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் கலர் மட்டும் காரணமில்லை. அந்தப் பிளாஸ்டிக் அட்டையைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். டப்பாவில் சிறுநீர், அதில் சொட்டு எடுத்து விடுவது, பிறகு இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே வெறிப்பது, கடைசியில் ஒற்றைக் கோடு. எத்தனையோ முறை ஆயிற்று. ஒவ்வொரு முறையும் அவள் அட்டையைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, குழாயைத் திறந்து வைத்து அழுவாள். அவள் அழக்கூடாது என்பதற்காகத்தான் தடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் குழாய்ச் சத்தத்தை வெளியே நின்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

அம்மாவின் காது ரொம்பக் கூர்மை. ஹாலிலிருந்தே கேட்டார்.

"ஊட்டுக்குத் தூரமாயிட்டயா அம்மணி?"

"தெரியலீங்கத்தை."

"அதென்ன தெரியலைங்கறது. பட்டாத் தூரந்தான்."

"கலரப் பாத்தா அதேதானுங்கம்மா," என்று நான் இடையில் புகுந்து முத்திரை குத்தினேன்.

அதன் பிறகு நடந்ததை இப்போது நினைத்தாலும் வாயில் புளிப்புத் தட்டுகிறது. அவளுக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய். சமையலறையை ஒட்டி வாஷிங் மெஷின் வைத்திருக்கிற தாழ்வாரத்தில் துடைப்பத்துக்கும் பினாயில் பாட்டிலுக்கும் நடுவில் அவளை உட்கார வைத்தாயிற்று. சாப்பாட்டைத் தட்டில் எட்டி நின்று போட்டார் அம்மா. அது எங்கள் வீட்டில் மாசாமாசம் நடக்காத ஒன்று, நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது அதெல்லாம் பார்ப்பதில்லை. அம்மா வந்தால் மட்டும் நான் வாயைத் திறப்பதில்லை. அன்றும் திறக்கவில்லை. திறந்ததெல்லாம் இட்லிக்குத்தான்.

அடுத்தது பெரியப்பா. அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு ஹால் நடுவில் வைத்தார். எதிர்முனையில் பெரியப்பா குடும்பமே உட்கார்ந்திருந்தது சத்தத்திலேயே தெரிந்தது.

"எப்பப் பட்டுதாமா? பொழுது கிளம்பறதுக்கு முன்னயா, பின்னயா?"

"காலைலதானுங்க," என்றார் அம்மா.

"நெறையவா? எப்படி இருக்குதாமா?"

இதற்குப் பதில் சொல்ல வீட்டில் ஒரு நிபுணர் இருந்தார் அல்லவா. "மெரூன் இல்லீங்க பெரியப்பா, கொஞ்சம் காப்பிப்பொடி கலரு," என்றேன். சொல்லும்போது பெருமையாக வேறு இருந்தது. பத்தடி தள்ளி, மெஷினுக்குப் பக்கத்தில், அந்தக் காப்பிப்பொடிக்குச் சொந்தக்காரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து வந்ததை, ஐந்தாறு பேர் ஸ்பீக்கரில் வைத்து, பஞ்சு மார்க்கெட் நிலவரம் மாதிரி பேசினோம். ச்சே.

பெரியப்பா கடைசியில் வழி சொன்னார். "இதுக்கு எதுக்குப் பரிகாரத்தைத் தள்ளிவெக்கறது? தள்ளிப்போடற மாத்திரை இருக்குதல்லொ. எங்கூட்டு மருமக மாரியம்மன் நோம்பிக்கு அதையத்தான் போட்டுக்கிட்டா. இப்பவே போட்டா நாளைக்கு நின்னுபோயிரும். தம்பியப் போயி வாங்கியாரச் சொல்லு."

தம்பி என்றால் நான்தான். போனேன். மருந்துக்கடையில் கேட்டதும் சீட்டு இருக்கிறதா, யாருக்கு, என்ன ஏது என்று ஒரு வார்த்தை இல்லை. மாத்திரைப் பட்டையை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றி, அதைக் கறுப்புக் கவரில் போட்டு, ஏதோ திருட்டுச் சரக்கு மாதிரி கீழே கை நீட்டிக் கொடுத்தார்கள். நானும் திருடன் மாதிரியே வாங்கினேன். என் முகத்துக்கு நேராக அந்த டெஸ்ட் அட்டைகள் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பார்த்தேன். குமட்டியது. திரும்பி வந்துவிட்டேன். எட்டி ஒன்றைப் பிய்க்க எத்தனை நேரமாகியிருக்கும்?

மனைவி மாத்திரையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "ஏனுங்க, ஒருவேளை கரு நின்னிருந்ததுன்னா? பாக்காம எப்படீங்க போடறது?"

"நின்னிருந்தா எதுக்குப் படுது? நான்தான் பாத்தேன்ல," என்றேன்.

"போட்டுக்க அம்மணி, எல்லாரும் போடறதுதான்," என்று அம்மா டம்ளரில் தண்ணீரை உயரத் தூக்கி ஊற்றினார். அவள் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். எங்கள் இருவரையும் ஒரு முறை பார்த்துவிட்டு முகம் கழுவப் போனாள். கொஞ்ச நேரம் கழித்துக் கை கழுவப் போன நான், பேசினில் வெள்ளையாகக் கரைந்த தடம் ஒன்றைப் பார்த்தேன். பற்பசை என்று நினைத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, விரலால் தேய்த்துக் கழுவிவிட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் அவள் தாழ்வாரத்திலிருந்து எழுந்து வந்தாள். சேலை மாற்றியிருந்தாள், கையில் பை.

"படறது கூடவே இல்லீங்க. காலைல பட்டது பட்டபடியே இருக்குது. நான் டாக்டரைப் பாத்துட்டு வாரேன். நீங்க வாரதுன்னா வாங்க, இல்லீன்னா பஸ்ஸேறிப் போயிக்கறேன்."

"நாளைக்குப் போற காரியத்தைப் பாக்காம இப்ப எங்க?" என்றார் அம்மா. அவள் செருப்பை மாட்டிவிட்டாள். நான் ஆட்டோ பிடித்தேன்.

நாங்கள் போய்ப் பார்த்த லேடி டாக்டர் அதிகம் பேசாதவர். மனைவி ஆரம்பிப்பதற்கு முன்பே நான் முந்திக்கொண்டேன். "மேடம், நான் கலர் லைன்ல இருக்கறவனுங்க. காலைலயே பாத்துட்டேன்..."

"நீங்க கொஞ்சம் இருங்க," என்றார் டாக்டர், என்னைப் பார்க்காமலே. பிறகு எல்லாக் கேள்வியும் அவளிடம். பேடு நனைகிறதா, பொட்டுப் பொட்டாகத்தானா? கட்டி விழுந்ததா? வழக்கமான வலி இருக்கிறதா? ஒரு பக்கமாக மட்டும் வயிறு குத்துகிறதா? தலை சுற்றுகிறதா? காலையிலிருந்து கூடுகிறதா, அப்படியே இருக்கிறதா? அவள் காலையில் குளியலறை வாசலில் என்னிடம் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் மறுபடியும் சொன்னாள். அங்கே ஒருவர் கேட்டார் என்பதுதான் வித்தியாசம்.

பரிசோதனைக்குச் சிறுநீர் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். செவிலி கொண்டுவந்த அட்டையை டாக்டர் மேஜையில் வைத்தார். இரண்டு கோடு. இரண்டாவது மங்கல்தான். ஆனால் மங்கலை நான் பார்க்காமல் விடமாட்டேன், என் சாப்பாடே அதில்தான்.

அவள் அழவில்லை. டாக்டர் அடுத்துக் கேட்டது இதுதான்: "மாத்திரை ஏதாச்சும் போட்டீங்களா?"

நான்தான் வாங்கிவந்தேன், நான்தான் போடச் சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பையிலிருந்து பட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒரு குழி காலி.

"இதைய வாயில போட்டனுங்க. முழுங்கலை. உள்ள போயித் துப்பிப்போட்டேன்."

பேசினில் நான் தேய்த்த வெள்ளைத் தடம் ஞாபகம் வந்தது. சிவப்பிலும் பழுப்பிலும் தோற்றவன், வெள்ளையிலும் தோற்றிருக்கிறேன்.

டாக்டர் பட்டையை நகர்த்தி வைத்துவிட்டு முதல் முறையாக என் பக்கம் திரும்பினார். "கர்ப்பமா இல்லையான்னு தெரியாம இதையெல்லாம் குடுக்கவே கூடாதுங்க. கலரை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. மாதவிலக்கும் மொத நாள் பழுப்பா வரும், கரு தங்கற நேரத்துல படறதும் பழுப்பாவோ ரோஸாவோ இருக்கும். மாதவிலக்குன்னா நேரமாக ஆக அதிகமாகும், அவங்களுக்கு வழக்கமான வலி வரும். இது பெரும்பாலும் சொட்டோட நின்னுரும். ஆனா எனக்கே பாத்தாத் தெரியாது. அதுக்குத்தான் டெஸ்ட்டு."

அவளிடம் சொன்னது வேறு குரலில் இருந்தது. கோடு வந்துவிட்டது என்பதற்காக இந்தப் பொட்டைச் சும்மா விடமுடியாது, ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும், இரண்டு வாரம் கழித்து ஸ்கேன். அதிகமானாலோ, ஒரு பக்கம் வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ நேரம் காலம் பார்க்காமல் வந்துவிட வேண்டும். தங்குமா என்று அவள் கேட்டாள். "பாக்கலாங்க. இப்பவே சொல்ல முடியாது," என்றார் டாக்டர். அவள் தலையாட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், மாத்திரை உட்பட. அம்மா தாழ்வாரத்துக்குப் போய் அந்தத் தட்டையும் டம்ளரையும் எடுத்துவந்து, கழுவி, மற்றத் தட்டுகளோடு சேர்த்துக் கவிழ்த்தார். பாயைச் சுருட்டினார். பிறகு, "கட்டில்ல போயிப் படு அம்மணி," என்றார். பெரியப்பாவுக்கு நான்தான் போன் செய்து விஷயத்தைச் சொல்லி, நாளைக்குக் கொடுமுடி வேண்டாம் என்றேன். அவர் அசரவில்லை. "பாத்தயா, நேரங் குறிச்சதுக்கே பலன் குடுத்துருச்சு," என்றார். ஸ்பீக்கரில் போடாமல் பேசியது ஒன்றுதான் அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்த காரியம்.

ஸ்கேன் வரைக்குமான நாட்களில் எனக்கு வேலை ஓடவில்லை. பட்டறையில் பழுப்புத் துணி மேஜைக்கு வந்தால் குமட்டியது. மெரூன் வந்தால் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டேன். இரண்டு சாயலுக்கு நடுவில் ஒரு உயிரை வைத்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேனே என்று என் விரல்களைப் பார்த்தாலே அருவருப்பாக இருந்தது. வீட்டில் அவள் குளியலறைக்குப் போய்வரும்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பேன். கேட்கத் துணிவில்லை. அவளாகவும் சொல்லவில்லை. பட்டது நின்றுவிட்டது என்பதே எனக்கு ஸ்கேன் அறையில் டாக்டரிடம் அவள் சொன்னபோதுதான் தெரியும்.

கறுப்பு வெள்ளைத் திரையில் அரிசி மாதிரி ஒன்று. அதற்குள் இன்னும் சின்னதாக ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. "துடிப்பு நல்லா இருக்குதுங்க," என்றார் டாக்டர். அங்கே கலரே இல்லை, நான் சொல்லவும் ஒன்றும் இல்லை.

திரும்பி வரும்போது ஆட்டோ சிக்னலில் நின்றது. அவள் மடியில் ஸ்கேன் கவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அந்த இரண்டு வாரமாக அடக்கி வைத்திருந்ததை நான் கேட்டேன்.

"இனி ஏதாச்சும் பட்டா, மொதல்ல எங்கிட்டச் சொல்றயா கண்ணு?"

"டாக்டருகிட்டச் சொல்லிக்கறனுங்க."